கிளை பிடிக்கும் கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் பொம்மையைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். ஏற்காட்டில் இருந்துகொண்டு இருபது வருடங்களுக்கு மேலாக நூல் பாவை ஆட்டிப் பிழைக்கிறவள் நான். டெல்லி மேடையில்கூட ஆட்டியிருக்கிறேன். அந்தக் கைதட்டலை இன்னும் தலையில் சுமந்துகொண்டு திரிவதாக வீட்டுக்காரர் கேலி செய்வார். சுமக்கத்தான் செய்கிறேன். உழைத்து வாங்கியதாயிற்றே.

போன வருடம் மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுக் கதை போட்டேன். கதாநாயகி காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். இடுப்பில் பை கட்டியிருப்பாள். வலது உள்ளங்கையில் சின்னக் காந்தம். பழங்களாகத் தொங்கும் சிவப்பு இரும்பு மணிகள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஆட்டம் முடிந்ததும், எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஓர் அக்கா நேராகத் திரைக்குப் பின்னால் வந்தார்.

“ஏனுங்க, பொம்மை நொம்ப அழகா இருக்குதுங்க. ஆனா கிளையைப் புடிக்காம ஆருங்க பழம் பறிப்பா? ஒத்தக் கையில இழுத்தா கிளை முறிஞ்சு போயிருமுங்க. வேலையை மேற்பார்க்கற ரைட்டர் அவளை அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிருவாருங்க.”

சுற்றி நின்ற எஸ்டேட் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “பொம்மைதானுங்க அக்கா, உடுங்க” என்று வெடுக்கென்று சொல்லிப் பெட்டியை மூடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னது சரி. டெல்லியில் ஆட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காத தப்பு, இங்கே வந்திருந்த பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. இவர்களிடம் தேறாமல் என்னைப் பாவைக்காரி என்று எப்படிச் சொல்லிக்கொள்வேன்?

பாவையின் இடது மணிக்கட்டுக்குத் தனியாக ஒரு நூல் கட்டினேன். அதை இழுக்க, நூல்கள் கட்டிய கட்டையைப் பிடித்திருக்கும் என் இடது கையில் சுண்டுவிரல் மட்டுமே மிச்சம் இருந்தது. இத்தனை வருடம் சும்மா உட்கார்ந்து தின்ற விரல், வேலை என்றதும் முரண்டு பிடித்தது. பாவை கிளையைப் பிடித்தால் வலது கை தொங்கும். வலது கை எழுந்தால் கிளை நழுவும். மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

இந்த வருடம் மறுபடி அதே பள்ளிக்கூடம். திரை இடுக்கில் பார்த்தேன். அந்த அக்கா முன்வரிசையில் இருந்தார். சுண்டுவிரலில் நூலை மாட்டிக்கொண்டேன். பாவை இடது கையால் கிளையை வளைத்துப் பிடித்து, வலது கையால் பழுத்ததை மட்டும் பறித்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தபோது அந்தக் குரல் கேட்டது.

“கண்ணு, மேக்கிளையில ரெண்டு பழத்தை உட்டுட்டுப் போற பாரு!”

பக்கத்தில் நின்று பறிக்கிறவளிடம் சொல்வதைப் போல, பாவையிடமே சொன்னார். பாவை திரும்பி வந்தாள். மேல்கிளையை வளைத்து, அந்த இரண்டு பழங்களையும் பறித்துப் பையில் போட்டாள். என் சுண்டுவிரல் துளியும் முரண்டு பிடிக்கவில்லை.

டெல்லிக் கைதட்டலை அன்றைக்குத்தான் தலையிலிருந்து இறக்கி வைத்தேன். அக்கா சொன்னதை வைக்க இடம் வேண்டுமே.