மாரி திருப்பி வைத்த கிராஃப் தாள்

நேற்று மகள் போனில் இரண்டு சமன்பாடுகளைத் தட்டினாள். உடனே இரண்டு கோடுகள் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. "அம்புட்டுதாம்மா" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிராஃப் என்றால் அச்சு மை வாசம் அடிக்க வேண்டாமா?

எங்கள் கிராஃபுக்கு அந்த வாசம் உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கம், திருத்தங்கல், ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு பிரஸ்ஸில் வேலை என்பதால், வெடிப்பெட்டி லேபிள் அடித்துக் கழித்த தாள்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் புஸ்வாணப் படம், மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் நானும் பக்கத்து வீட்டு மாரியும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவோம். கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, தாளின் மூலையில் ஒரு கூட்டல் குறி அடித்திருப்பார்கள். மெல்லிய தாள், பின்பக்கமும் தெரியும். அதையே ஆதிப்புள்ளி ஆக்கிவிடுவோம். மைனஸ் வந்தால் கோடு தாளை விட்டுப் பாயில் இறங்கும். இன்னொரு தாளைப் பசை போட்டு ஒட்டிக்கொள்வோம். வெடிப்பெட்டி ஒட்டும் எங்கள் ஊரில் பசைக்கு என்ன பஞ்சம்.

எனக்கு இயற்கணிதம் பிடிக்கும். மாரிக்கு அது வேப்பங்காய். "எழுத்தக் கூட்டிக் கழிச்சு என்னத்தட்டி காண?" என்பாள். ஆனால் அந்த வருடம் அவள் கணக்கில் தேறியே ஆக வேண்டும். அவள் அம்மா பொன்னம்மா சித்தி நாரணாபுரத்தில் வெடி கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஃபெயிலாப் போனா எங்கூட கம்பெனி வேன்ல ஏறிரு. டிரைவர்ட்ட எடம் சொல்லி வச்சிட்டேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

முழுப்பரீட்சையில் கிராஃப் போட்டுத் தீர்க்கச் சொல்லி வந்தது x + y = –1, x – y = 5. பழக்கதோஷம், மாரி கிராஃப் தாளின் கீழ் இடது மூலையில் பேனாவாலேயே அச்சுகளைப் போட்டுவிட்டாள். இன்னொரு தாள் கேட்டால், "ஆளுக்கு ஒண்ணுதான்" என்றார் டீச்சர். ஒட்டுவதற்கும் வழியில்லை. வேறு கதியில்லாமல் இயற்கணிதத்தைப் பிடித்தாள். இரண்டையும் கூட்டினால் y போய்விடும், மிச்சம் 2x = 4. x இரண்டு, y மைனஸ் மூன்று. வெட்டும் இடம் கீழேதான் என்று தெரிந்ததும் தாளைக் கால்வட்டம் திருப்பி வைத்தாள். கீழ் மூலை மேல் மூலையானது. மைனஸுக்குத் தாள் நிறைய இடம். கோடுகள் சொன்ன இடத்தில் வெட்டின.

"ஆதிப்புள்ளிய உச்சியில கொண்டுபோய் வச்சவள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார். அதில்தான் தேறினாள். ஏதோ நான் போட்ட கணக்கு போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவெல்லாம் அலைந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று விடிகாலையில் வேன் வந்து நின்றது. பொன்னம்மா சித்தி தெருவுக்கே கேட்கும்படி டிரைவரிடம் சொன்னார்: "அண்ணாச்சி, எம்மகளுக்கு இனிமே எடம் போட்டு வைக்காதீக. அவ பத்தாப்புக்குப் போறா."

சித்தி இப்போது இல்லை. கழிவுத் தாள்கள் பிரஸ்ஸிலிருந்தே எடைக்குப் போய்விடுகின்றன. வேன் மட்டும் அதே நேரத்துக்கு வருகிறது. ஆனால் யாரும் டிரைவரிடம் அப்படி எதுவும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் எல்லார் மகளும் படிக்கிறாள்.