பிரீமியம் அக்காவின் வலது காது

எங்கள் பெட்ரோல் பங்க்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டி வந்து நின்றதும் ஜன்னல் பக்கம் குனிந்து, "சாதாவா, பிரீமியமா?" என்று கேட்பாள். ஓட்டை ஸ்கூட்டரில் வருகிறவனிடமும் அதே கேள்வி, அதே மரியாதை. அதனால் எல்லோருக்கும் அவள் பிரீமியம் அக்கா. நான் கண்ணாடிக் கூண்டுக்குள் கல்லாவில் உட்காருகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு வாயே கிடையாது. யார் என்ன திட்டினாலும் "சரிங்க" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் புருஷனைத் தெருவே ரேஸர் என்று கூப்பிடும். எந்தக் காலத்திலோ ஒரு பந்தயத்தில் ஓடினானாம். ஜெயித்தானா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். பக்கத்துத் தெருவில் வாடகைக் கார் கம்பெனியில் கார் கழுவுகிற வேலை. ஆனால் வீட்டில் நின்றது சிவப்பு டர்போ கார். பழசுதான், இருந்தாலும் கிளம்பினால் தெரு அதிரும். அக்காவின் சம்பளம் முழுக்க அதன் வயிற்றுக்குத்தான் போனது.

அந்த மாதிரி இன்ஜினுக்கு விலை கூடின பிரீமியம்தான் போட வேண்டும். சாதா போட்டால் உள்ளே பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து, மேலே ஏறி வருகிற பிஸ்டனின் தலையில் அடிக்கும். டக் டக் என்று சத்தம் கேட்கும். அதற்குப் பெயர் நாக்கிங். இதெல்லாம் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்தான், எப்படி என்று சொல்கிறேன்.

காலையில் காரை எங்கள் பங்க்கில் விட்டுவிட்டு அவன் வேலைக்கு நடந்து போவான். அக்கா பெட்ரோல் நிரப்பி, துடைத்து, மூலையில் நிறுத்தி வைப்பாள். சாயங்காலம் அவன் வந்து ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போவாள். வழியில் ஒரு மேம்பாலம். அதன் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்பான். டக் டக் கேட்டதாக அவனுக்குத் தோன்றினால் போச்சு. ஸ்டியரிங்கை விட்டு இடது கை பறந்து வந்து அவள் வலது காதில் இறங்கும். "சாதா ஊத்திட்டு என்னையே ஏமாத்துறியாடி?" வீடு போய்ச் சேரும்வரை அடி, சேர்ந்த பிறகு உதை.

ஒருமுறை பல்லோடு ரத்தம் துப்பியபடி வேலைக்கு வந்தாள். இன்னொரு முறை நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு அடி இந்தப் பக்கம் விழுந்தா அவ்வளவுதாம்மா, இந்தக் காது திரும்ப வராது" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அக்கா, விட்டுட்டு வந்துடேன். என் ரூம்ல இடம் இருக்கு."

"இல்லடி. என் மேலதான் தப்பு. அவசரத்துல எந்த நாசிலை எடுக்குறேன்னு எனக்கே தெரியல போல. பெட்ரோலை ஒழுங்கா போட்டா அவர் ஏன் கை நீட்டப் போறாரு?"

தலையில் அடித்துக்கொண்டேன். அதுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்த கயிறு. பெட்ரோல் சரியாக இருந்தால் அடி இல்லை. அன்றிலிருந்து பம்புக் குழாயின் முனையில் இருக்கிற அந்த நாசிலை எடுக்குமுன் ஒருமுறை, எடுத்தபின் ஒருமுறை என்று எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் போட்டாள்.

அப்போதுதான் பங்க்குக்குப் பெயின்ட் அடித்தார்கள். தரைக்கு அடியில் இரண்டு டேங்க். பிரீமியம் டேங்கின் மூடி சிவப்பு, சாதா டேங்கின் மூடி பச்சை. பெயின்ட் அடிக்க வந்த மகராசன்கள் இரண்டு மூடியையும் கழற்றிப் பளபளவென்று அடித்து, இடம் மாற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். லாரிக்காரர் கலரைப் பார்த்துத்தான் குழாயைச் செருகுவார். காலியாகக் கிடந்த பிரீமியம் டேங்க் முழுக்க சாதா போய் நிரம்பியது. யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் அக்கா முகத்தில் அப்படி ஒரு களை! "நேத்து பாலத்துல என்ன சொன்னாரு தெரியுமா? வெண்ணெய் மாதிரி போகுது, இப்பதான்டி உனக்குப் புத்தி வந்திருக்குன்னாரு." வேலையிடத்தில் அவனை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். ஐயா காற்றில் மிதந்துகொண்டிருந்தார். வாரம் முழுக்க ஒரு அடி இல்லை.

அடுத்த வாரத் தொடக்கத்தில் ஒருநாள் விடியுமுன்பே டேங்கைக் காலி செய்து புது லோடு இறக்கினார்கள். ஏன் என்று மேனேஜர் மூச்சு விடவில்லை. மறுநாள் காலையில் அவர் போனில் குசுகுசுத்தது என் கூண்டுக்குள் நன்றாகவே கேட்டது. "போன வாரம் பூரா பிரீமியம்னு சாதாவைத்தான் வித்திருக்கோம் சார். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். நேத்துலேர்ந்து ஒரிஜினல்தான்."

நான் சிரிக்க வாயைத் திறக்கிறேன், அக்கா வருகிறாள். வலது காதில் பஞ்சு. பஞ்சு சிவந்திருந்தது. கண் ஒன்று திறக்கவே இல்லை.

"நேத்து அவர் வேலை போயிடுச்சுடி. கஸ்டமரை அடிச்சிட்டாராம். அந்த நேரம் பார்த்து நான் வேற சாதா போட்டுத் தொலைச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் மேஜையை ஓங்கித் தட்டினேன். "அடி லூசு! நேத்து நீ போட்டதுதான் பிரீமியம். போன வாரம் அவன் வெண்ணெய் வெண்ணெய்னு நக்கினானே, அதுதான் சாதா!" போனில் கேட்டது அத்தனையும் சொன்னேன். அவள் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப எதுக்குடி அடிச்சாரு?"

"அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சான்."

அன்று முழுக்க வண்டி மாற்றி வண்டிக்குப் பெட்ரோல் போட்டாள். ஒருவரிடமும் சாதாவா பிரீமியமா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அவன் வந்தான். வேலை போன ஆத்திரம் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது. "இன்னைக்கு என்னடி ஊத்தி வெச்சிருக்க?"

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதே இல்லை. எல்லா வண்டிக்காரர்களும் திரும்பினார்கள்.

அவன் காரில் ஏறி உறுமவிட்டான். தலையைச் சாய்த்தான். கூட்டம் பார்க்கிறது என்றதும் இன்னும் கொஞ்சம் சாய்த்தான். "சாதா. சந்தேகமே இல்ல."

"பிரீமியம்" என்றாள். "போன வாரம் வெண்ணெய்ன்னீங்களே, அதுதான் சாதா."

என்னால் அடக்க முடியவில்லை. கூண்டு மைக்கைத் தட்டிவிட்டு, "ஆமாங்கய்யா, சத்தியமா பிரீமியம்தான்!" என்று பங்க் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மேனேஜர் தலையில் கை வைத்தார். ஒரு டாக்ஸிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவன் இறங்கி வந்து அறைந்தான். பஞ்சு வைத்த அதே காதில். அவள் தூணில் மோதி விழுந்தாள். வயிற்றில் ஒரு உதை, முகத்தில் ஒரு உதை. மூன்றாவதுக்கு அவன் காலைத் தூக்கும்போது அவள் கை பம்பில் மாட்டியிருந்த நாசிலை எட்டி உருவியது. அது நல்ல கனம். அதை முழங்காலில் இறக்கினாள். அவன் மடிந்ததும் தாடையில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கூண்டுக்குள் கேட்டது. கீழே விழுந்தவனின் தோளில், கையில், மறுபடி தாடையில். "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள்.

நான் பம்புகளை நிறுத்தும் சுவிட்சை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். ஓடி வந்தேன் என்று போலீஸிடம் சொன்னேன். பொய். மெதுவாகத்தான் நடந்தேன்.

அவன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அக்காவின் வலது காது போயே போய்விட்டது. இப்போது என் அறையில் தங்கி, அதே பங்க்குக்கு வேலைக்கு வருகிறாள். கேஸ் நடக்கிறது, நடக்கட்டும்.

மூலையில் கிடந்த காரை எடுத்துப்போக ஒரு மெக்கானிக் வந்தார். ஸ்டார்ட் செய்தார். டக் டக் என்றது. கூண்டை விட்டு வெளியே வந்தேன். அவர் அடியில் குனிந்து பார்த்து, சைலன்சருக்கு மேலே இருக்கிற தகரத் தகடு ஒன்று ஆடுகிறது என்றார். போல்ட்டை முறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "என்ன?" என்று இடது காதைத் திருப்பினாள். மறுபடி சொன்னேன். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது. அன்றே அதை முறுக்கியிருக்கலாமே என்று, பழையபடி தன்னையே நொந்துகொள்வாளோ என்று.

அவள் நாசிலைத் துடைத்து மாட்டினாள்.

"முறுக்கியிருந்தா அவனுக்கு வேற ஏதாவது சத்தம் கேட்டிருக்கும்டி" என்றாள்.