இரண்டாவது பரிசோதனைக்கு வழிவிட்ட பச்சையம்மன்

போன பங்குனியில் என் கணவர் உதைத்த உதை என் அடிவயிற்றில் விழுந்தது. அவருடைய அண்ணன் வீட்டு விசேஷத்தில் என் சேலை நனைந்துவிட்டதுதான் காரணம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தும்மினாலே எனக்குச் சிறுநீர் கசியும். "நாத்தம் புடிச்சவளே!" என்று கத்தி, தலைமுடியைப் பிடித்துத் தெருவரை இழுத்து வந்தார்.

கசிவுக்கு வைத்தியம் பார்க்க, எங்கள் ஊர் செந்துறையிலிருந்து பெரம்பலூரில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு நானும் அவரும் போனோம். பஸ்ஸில் போகும்போது ஒதுங்க இடமிருக்காது என்று, நம் பக்கத்துப் பெண்கள் முதல்நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். நானும் அப்படியே போனேன். "ஒண்ணுக்கு முட்டுதாம்மா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, பயந்துபோய் ஆமாம் என்று பொய் சொன்னேன். அதை நம்பி, சோதனைக்காகக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் கொஞ்சமே நீரேற்றி, "இப்ப போங்க" என்றார்கள். திரைக்கு வெளியே என் கணவர், "இன்னும் என்னடி பண்ற?" என்று உறுமினார். ஒரு சொட்டுகூட வரவில்லை. சிறுநீர்ப்பை வேலை செய்யவில்லை, ஆயுள் முழுக்கக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு வந்ததும் அவர் என் வாயிலேயே குத்தினார். பல் தெறித்து விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, குலதெய்வம் பச்சையம்மனிடம் கதறினேன். "ஆத்தா, அந்தாளு கால ஒடி. இல்லன்னா என்னைக் கொன்னுடு!" அவள் இரண்டையும் செய்யவில்லை.

மறுவாரம் குழாய் போடக் கற்றுக்கொள்ள அவரோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீங்கிய உதட்டைப் பார்த்து, புதிதாக வந்திருந்த பெண் டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது என் பேச்சில்லை.

"அவருதாங்க அடிச்சாரு. அன்னைக்குத் திரைக்கிட்டயே நின்னாரு. பயத்துல உடம்பு பூட்டிக்கிச்சு. தண்ணியும் குடிக்காம வந்துட்டேங்க."

பக்கத்தில் நின்ற என் கணவர் பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தார். வாட்ச்மேன்கள் இருவர் வந்து பிய்த்தெடுத்தார்கள். போகிற போக்கில் கதவுக் கண்ணாடியை உதைத்து நொறுக்கினார்.

"அப்ப அந்த ரிப்போர்ட்ட நம்ப முடியாதும்மா. இவ்வளவு பயத்துல யாருக்கும் வராது. தண்ணி குடிங்க, திரும்ப எடுப்போம்" என்றார் டாக்டர்.

இம்முறை ஒரு நர்ஸ் மட்டும் கூட இருந்தார். தடையில்லாமல் போனது. நான் ஓவென்று அழுதேன். பை நன்றாகவே இருந்தது. பிரசவத்தில் தசை தளர்ந்ததால்தான் கசிந்திருக்கிறது. அதற்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது குழாயுமில்லை, அடியுமில்லை. பிள்ளைகளோடு ரெட்டிபாளையத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். கசிவு பெரிதும் நின்றுவிட்டது. சகோதரிகளே, ஆத்தாளை நம்பி அழுங்கள். அவள் உங்கள் வாயைத் திறந்துவிடும்போது மட்டும், புருஷன் மானம் போகுமே என்று மூடிக்கொள்ளாதீர்கள்.