சிங்கம் பார்க்கப் போகும் தையற்காரர்

காக்கிச் சட்டையின் பையை ராயப்பராஜ் மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தார். பிளேடு முனையால் தையலை ஒவ்வொன்றாக எடுத்து, நூலை ஊதிவிட்டார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் உள்ள அவர் கடையில், ஊரார் துணி சொன்ன நாளில் கிடைத்துவிடும். தனக்கென்று தைக்கும் இந்த ஒரு சட்டைதான் முடிவேனா என்றது.

“கென்யாவுக்குப் போறதுன்னா சும்மாவா அப்பு? பைனாகுலர் கொள்ற மாதிரி பை வேணாமா?” என்பார். போன மாதம் காலர் சரியில்லை என்றார். அதற்கு முன்பு துணியே சரியில்லை.

மச்சினன் இன்னாசி நைரோபியில் ரயில்வே பட்டறையில் இருக்கிறான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் கப்பலேறியவன். அக்காவும் மச்சானும் வந்து ஒரு மாதம் தங்கி, சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். செலவெல்லாம் அவனுடையது. ராயப்பராஜின் மனைவி ஆனந்தமேரிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்குப் பிடித்த முறுக்கைச் சுட்டுவிட்டு, தொடாமல் உட்கார்ந்திருப்பாள். புருஷன் இல்லாமல் தனியாகக் கப்பலேற அவளுக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே புருஷன் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். அளவு கொடுக்க வந்தவர்களிடம் கென்யாவில் மழை எப்போது, வெயில் எப்போது என்று விளக்குவார். “சிங்கம் இருக்கே, பகல்ல அம்புட்டும் தூங்கும்” என்பார். சொந்த ஊரான கீரனூரில் பக்கத்து வீட்டுச் சிங்கத்தோடு வளர்ந்தவர் போலப் பேசுவார்.

உள்ளதைச் சொன்னால், நாலு கால் உள்ள எதைக் கண்டாலும் மனுஷனுக்கு உதறல். ஜட்கா குதிரை தலையை ஆட்டினால் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிடும். வாலிபத்தில் கன்னிவாடி மலையடிவாரத்துக்கு, பெரிய மனிதர்களின் வேட்டையில் மிருகங்களைக் கிளப்பிவிடத் தகரம் தட்டப் போயிருந்தார். காட்டுப்பன்றி ஒன்று எதிரே வந்ததும் மரத்தில் ஏறியவரை, பன்றி போன பிறகும் நாலு பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள். காட்டு மிருகம் பார்ப்பது என்றால் எங்கேயும் அப்படித்தான், புதருக்குள் நடந்துபோய்ப் பார்ப்பது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மச்சினன் ஆசையாய்ச் செய்யும் ஏற்பாட்டை மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. அக்கா புருஷன் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிட்டால் மாப்பிள்ளை மரியாதை என்னாவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா முகமது சாப்பிட வந்தார். பேகம்பூர்க்காரர், இன்னாசியோடு வேலை பார்ப்பவர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். தான் திரும்பும் கப்பலிலேயே இருவரையும் கூட்டிப்போகிறேன் என்றார். ராயப்பராஜ் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார்.

“சட்டை இன்னும் முடியல தம்பி... அடுத்த வருசம் பாப்போமா?” என்று இழுத்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த ஆனந்தமேரி கரண்டியை நிறுத்தினாள். “ஏன் தம்பி, அங்க காட்டுக்குள்ள நடந்து போயித்தான் பாக்கணுமா?”

“நடக்கவா? நல்லாக் கேட்டீங்க! வண்டிய விட்டுக் காலக் கீழ வைக்கவே விடமாட்டாங்க அக்கா. கண்ணாடிய ஏத்திவிட்டு, உள்ள உக்காந்துதான் பாக்கணும்.”

“உக்காந்தேவா?” என்றார் ராயப்பராஜ்.

“உக்காந்தேதான் அண்ணே. எறங்குனா அதோட வெளிய அனுப்பிருவாங்க.”

அப்பாடா! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பன்றி அன்றைக்குத்தான் இறங்கிப் போனது. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவளோ ரசத்தைக் கலக்குவதிலேயே கண்ணாக இருந்தாள். அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டாள் என்பது புரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இத்தனை நாள் தெரிந்தும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லையே இவள்!

“உங்க கப்பல்லயே வாரோம் தம்பி” என்றார்.

அந்த வீட்டில் விருந்தாளி எழுந்து கை கழுவிய பிறகுதான் ஆனந்தமேரி சாப்பிட உட்காருவாள். ராயப்பராஜ் பாயில் நகர்ந்து இடம் விட்டார். எட்டி ஒரு தட்டை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தார். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, குழம்புச் சட்டியில் இருந்த முழு முட்டையை அந்தத் தட்டில் போட்டார்.