லவானின் நாற்பது கூடுகள்

லவான் ஸ்கோகனுக்கு முப்பத்தொரு வருஷமாக ஒரு நாற்காலி உண்டு. பச்சைக் கான்வாஸ் போட்ட மடக்கு நாற்காலி. ஒவ்வொரு ஜூன் மாதமும் சேஜ் க்ரீக் மேட்டில் பழங்காலத் துப்பாக்கிப் போட்டி நடக்கும்போது, சுடுகிறவர்களின் வரிசைக்குப் பத்தடி பின்னால் அதை விரித்து உட்கார்ந்துவிடுவாள். முன்னால் அவள் புருஷன் டெல்மர் சுடுவான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் நீட்டுவான். அவள் வாங்கிக்கொள்வாள். கூட்டின் அடியில், வெடிமருந்தைப் பற்றவைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான் அளவில் செத்துக் கிடக்கும் பிரைமரை இடுக்கி மாதிரியான கருவியில் வைத்து அழுத்தி வெளியே தள்ளுவாள். கூட்டைச் சோப்புத் தண்ணீர் ஜாடியில் போடுவாள். கருமருந்து பொல்லாதது, சுட்ட கூட்டைச் சும்மா போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் பித்தளையை அரித்துவிடும். அதனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்துதான் ஆகவேண்டும். அந்த யாரோ ஒருவர் லவான் என்று எப்போது யார் முடிவு செய்தார்கள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை.

மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறை. இருபத்தாறு வருஷம் டின் திறந்து, மாவு பிசைந்து, பெரிய கரண்டியால் அள்ளிப் போட்ட கை. மிச்சமிருந்த பலத்தை அந்த இடுக்கி வாங்கிக்கொண்டது. இந்த வருஷம் வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. செப்டம்பரில் கத்தி வைக்கவேண்டும் என்றார் டாக்டர். அதற்கப்புறம் பன்னிரண்டு பவுண்டு துப்பாக்கியைத் தூக்குவதெல்லாம் நடந்தால் உண்டு என்றும் சொன்னார்.

அன்றைக்குத்தான் லவான் தீர்மானித்தாள். செப்டம்பருக்கு முன்னால் ஒரே ஒரு போட்டி. நாற்காலியில் உட்கார்ந்து அல்ல, வரிசையில் படுத்து. அவளுடைய துப்பாக்கி, அவளே தயாரித்த தோட்டா. இரண்டு நாள், நாளுக்கு இருபது சூடு. ஜெயிக்கவேண்டும் என்றெல்லாம் ஆசையில்லை. ஒரு தடவை முழுசாகச் சுட்டுவிட்டு எழுந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

துப்பாக்கி இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் பக்கத்துப் பண்ணை ஏலத்தில், யாரும் கேட்காததால் அவள் கைக்கு வந்தது. யாரும் கேட்காததற்குக் காரணமும் உண்டு. அதன் குழல் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை அகலம். எல்லோரும் போடும் ஈயக்குண்டு அதில் ஆடும். கொஞ்சம் தடித்த குண்டு வேண்டும். அது தெரிந்தவர்களுக்கு அது நல்ல துப்பாக்கி.

வென்டலின் கடைக்குப் போனாள். வென்டல் பள்ளியில் அவளுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். அப்போதிருந்தே வாய் ஓயாதவன்.

"டெல்மர் அனுப்பினானா?"

"எனக்கு."

"உனக்கா! சரிதான், இனிமே மான்கள் எல்லாம் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோக வேண்டியதுதான்." எழுந்து ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தான். உள்ளே மூன்று எஃகு அச்சுகள், பளபளவென்று. "இந்தா, இதை எடுத்துக்க. கைப்பிடி வச்ச பிரஸ்ல மாட்டி ஒரு இழுப்பு இழுத்தா போதும். பிரைமரும் வெளிய வந்துடும், வெடிச்சு ஊதிப்போன கூடும் இறுகிப் பழைய அளவுக்கு வந்துடும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"எனக்கு ஒரு மாங்கா போதும், வென்டல்."

"என்னது?"

"பிரைமர் மட்டும் வெளிய வரணும். கூட்டை எதுவும் தொடக்கூடாது. என் துப்பாக்கியில வெடிச்ச கூடு என் துப்பாக்கிக்குன்னு ஊதி நிக்குது. தடிச்ச குண்டு கட்டைவிரலால தள்ளினாலே உள்ள போகுது. அதை எதுக்கு நசுக்கணும்?"

வென்டல் தாடையைச் சொறிந்தான். "நசுக்காம விட்டா அந்தக் கூடு வேற எந்தத் துப்பாக்கிலயும் போகாதே."

"நான் வேற எதுல போடப்போறேன்?"

வென்டல் அச்சுப் பெட்டியை மூடினான். இடுக்கி வகையில் ஒன்றைக் காட்டினான்; அவள் பட்டை சுற்றிய வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அவன் கீழ்த்தட்டில் துழாவி, துளை போட்ட ஒரு எஃகுக் கட்டையையும் ஊசிமுனை வைத்த ஒரு கம்பியையும் எடுத்தான். கூட்டைக் கட்டைமேல் நிறுத்திக் கம்பியை உள்ளே விட்டு மரச்சுத்தியால் ஒரு தட்டு. இடது கையே போதும். கடையிலேயே மிகப் பழைய மாதிரி, மிக மலிவு. நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு லவான் அதையே வாங்கினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இதையெல்லாம் டெல்மரிடம் விளக்கமாகச் சொன்னாள். டெல்மரும் "ம், ம்" என்றான். ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது.

மே மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் சுட்டுச் சுட்டு, நாற்பது கூடுகளைத் தன் துப்பாக்கிக்குப் பழக்கினாள். கடைசியாக ஒருமுறை நாற்பதையும் சுட்டுக் கொண்டுவந்து வைத்தது போட்டிக்கு முந்தைய புதன்கிழமை. கை நெருப்பாய் எரிந்தது. பிரைமரை நாளைக்குத் தட்டிக்கொள்ளலாம் என்று சாக்குத் துணியில் போட்டுவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலை கையைக் காட்ட மைல்ஸ் சிட்டி போகவேண்டியிருந்தது.

வியாழன் மாலை திரும்பி வந்தபோது சமையலறை மேசையில் நாற்பது கூடுகளும் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. பிரைமர் ஒன்றுகூட இல்லை. டெல்மர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்காக அவன் ஒரு கூட்டைக்கூடத் தொட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அது நிஜம்.

பிறகு ஒரு கூட்டை எடுத்து அதன் வாயில் குண்டை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினாள். போகவில்லை. இன்னொன்று. அதிலும் போகவில்லை.

"எதுல தட்டின?"

"பிரஸ்லதான். அந்தக் கட்டையில ஒண்ணொண்ணா டொக்கு டொக்குன்னு யார் தட்டிட்டிருக்கறது? என் அச்சை மாட்டி இழுத்தேன், அரைமணி நேரத்துல ஆச்சு. கூடவே அளவும் பண்ணியாச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"அளவு பண்ணியாச்சு."

"ஆமா. ஏன்?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உடைத்தவன் உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு எதிரில் நிற்கும்போது என்ன சொல்லித் திட்டுவது? இனி அந்தக் கூட்டுக்குள் தடித்த குண்டை முட்டித் தள்ளித்தான் ஏற்றவேண்டும். மெத்தென்ற ஈயம் இறுகிச் சிறுத்துவிடும். அகலக் குழலில் ஆடிக்கொண்டு போய் எங்கேயாவது புல்லில் விழும். லவான் இதைச் சொன்னாள், இரண்டாவது தடவையாக. இந்தத் தடவை ரேடியோ ஓடவில்லை. டெல்மரின் முகம் மெல்ல மாறியது.

"அன்னிக்குச் சாப்பிடறப்ப சொன்னியே, அது இதுதானா?"

"இதுதான்."

"கோவமா?"

"கோவப்படக்கூடத் தெம்பு இல்ல, டெல்மர். அந்தக் காப்பியைக் கொஞ்சம் சூடு பண்ணு."

காப்பியைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். நாளைக்கே நாற்பதையும் ஏற்றி மேய்ச்சல் நிலத்தில் சுட்டால் கூடுகள் மறுபடி அவள் துப்பாக்கிக்கு ஊதி வந்துவிடும். ஆனால் கை அத்தோடு முடிந்துவிடும், சனிக்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது. இருப்பதோ ஒரு கை, இரண்டு நாள். முதல் நாளைக் கொடுத்துத்தான் இரண்டாம் நாளை வாங்கவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. முதல் நாள் போட்டியில் சுடுகிற இருபதும் தானே ஊதி வரும், மறுநாள் அவற்றையே சுடலாம். இருபது கூடுகளில் மட்டும் மருந்தும் குண்டும் ஏற்றினாள். குறியில் படாது என்று தெரிந்தே ஏற்றுவது இருக்கிறதே, அதைவிட அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது.

சனிக்கிழமை அவள் வரிசையில் போய்ப் படுத்தபோது, மேட்டில் இருந்த பாதிப்பேர் டெல்மரைத் தேடினார்கள். டெல்மர் காலையிலேயே தன் முறையைச் சுட்டு முடித்திருந்தான். இப்போது பச்சை நாற்காலியில் இருந்தான். மடியில் எஃகுக் கட்டை, காலடியில் சோப்பு ஜாடி.

"என்ன டெல்மர், பதவி இறக்கிட்டாங்களா?" என்றான் வென்டல்.

"போய் உன் வேலையைப் பாரு."

"அந்த நாற்காலி உனக்குச் சின்னது. கால் போட்டு உடைச்சிடாதே."

லவான் சுட்டாள். தூரத்தில் குறியாக நிற்கும் இரும்பு எருமையில் பட்டால் ஒரு கணம் கழித்து மணிச்சத்தம் வரும். படாவிட்டால் வெறும் காற்றுதான். இருபதில் மூன்று தடவை மணி கேட்டது. மற்ற பதினேழு தடவையும் பின்னால் யாரோ மரியாதைக்குத் தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் கூட்டை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது. டொக், டொக் என்று சத்தம் கேட்டது. மூன்றாவது கூட்டில் டெல்மர் தன் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். லவானுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மாலை வெயிலில் வண்டியின் பானட்மேல் இருபது கூடுகளும் காய்ந்தன. லவான் ஒன்றை எடுத்துக் குண்டை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. டெல்மர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் ஒன்றை எடுத்துத் தள்ளிப் பார்த்தான். மறுபடி வெளியே எடுத்து, மறுபடி தள்ளினான்.

"இவ்வளவு லேசா போகுது."

"அதைத்தான் சொன்னேன்."

"முப்பது வருஷமா நான் எல்லாத்தையும் நசுக்கிட்டு இருந்திருக்கேன்."

லவான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கூட்டைப் பற்றித்தான் சொன்னானா, வேறு எதையாவது நினைத்துச் சொன்னானா, தெரியவில்லை. கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை. நாளைக்கு ஏற்றப் பெட்டியிலிருந்து வெடிமருந்துக் குப்பியை எடுத்துவரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் சூட்டுக்கே மணி கேட்டது. இரண்டாவதும். மூன்றாவது தப்பியது, அவள் அவசரப்பட்டுவிட்டாள். நாலு, ஐந்து, ஆறு என்று மணி வந்துகொண்டே இருந்தது. கனைப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டில் ஒன்பது. பதின்மூன்றாவது தோட்டாவை எடுக்கக் கையை நீட்டினாள், விரல்கள் மூடவில்லை. தோட்டா புல்லில் விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. இடது கையால் உள்ளே போட்டு விசையில் விரலை வைத்தாள். விரல் இருக்கிற இடமே தெரியவில்லை. உணர்ச்சியில்லாத விரலை விசையில் வைத்திருக்கக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, நெற்றியைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். முழுசாகச் சுட்டுவிட்டு எழவேண்டும் என்பதுதானே கேட்டது. அதுகூடக் கிடைக்கவில்லை. அழுகை வந்தது, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

டெல்மர் பின்னால் வந்து குந்தினான். "மிச்ச எட்டை நான் சுட்டுடட்டுமா? உன் பேர்லயே?"

"வேண்டாம்."

"வீணாப் போகுதே."

"போகட்டும். என்னைத் தூக்கிவிடு."

தூக்கிவிட்டான். நாற்காலியில் உட்காரவைத்தான். மேட்டில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் சேர்வதற்குள் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டார்கள்.

செப்டம்பரில் கையைக் கிழித்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று லவான் எதையோ தேடிப் பட்டறைக்குள் போனாள். அலமாரியில், டெல்மரின் அச்சுகளுக்குப் பக்கத்தில், அந்த எட்டுத் தோட்டாவும் காலிக் கூடுகளும் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. சுட்ட பன்னிரண்டிலும் பிரைமர் இல்லை, கழுவிக் காயவைத்திருந்தது. பெட்டி மூடியில் தச்சர் பென்சிலால், டெல்மரின் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: "லவானுடையது. ஜூனுக்கு. அச்சில் போடாதே."