விளிம்பு வரை ஊற்றிய ஒயின்

பிரான்சுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அதுவும் ஒரு சொட்டு ஒயின்கூட விழுங்காமல் ஒயின் படிக்க. சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பாவிட்டால் போகட்டும். இரண்டாயிரங்களின் நடுவில், துபாயில் தேரா பக்கம் க்ரீக் என்கிற உப்பங்கழியைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டலில் நான் வெயிட்டர். ஆறு பேர் ரூமில் மேல் கட்டில் எனக்கு. மன்னார்குடி பக்கத்தில் மனைவியும் நான்கு வயது மகளும் இருந்தார்கள். ஆனால் என் கிரேடுக்கு ஃபேமிலி விசா கிடையாது. கல்யாணமானவனோ இல்லையோ, கம்பெனி கணக்கில் நான் பேச்சிலர்தான்.

அப்போதுதான் எங்கள் ரெஸ்டாரன்ட் மேனேஜர், ஒரு லெபனான்காரர், என்னையும் என் ரூம்மேட்டான மலையாளி நண்பரையும் கூப்பிட்டார். ஒயின் பரிமாற மட்டும் தனியாக ஓர் ஆள் வேண்டும், அந்த வேலைக்கு ஃபேமிலி விசா உண்டு என்றார். இரண்டு பேரையும் திராட்சை விளையும் ஊருக்கே அழைத்துப்போய்க் காட்டுவார். திரும்பி வந்ததும் ஒருவருக்கு வேலை. எனக்குக் காதில் விழுந்தது ஃபேமிலி விசா மட்டும்தான்.

போன் கார்டைச் சுரண்டி வீட்டுக்கு அடித்தேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏங்க, ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது? மோந்து பாக்குற வேலைன்னா?" என்றாள். ஒரு சொட்டு விழுங்கமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் சிரித்தாள். அடுத்த வாரம் பேசும்போது பார்த்தால், பாப்பா இந்த வருஷத்தோடு துபாய்க்குப் போகிறாள் என்று பள்ளிக்கூடத்து டீச்சரிடமே மனைவி சொல்லி வைத்திருக்கிறாள். அவசரக்குடுக்கை என்று திட்டினேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? நானே காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷேரிங் ரூமைப் பார்த்து, வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் க்ரீக் ஓரத்தில் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். அங்கே நாங்கள் எந்த மரத்தடியில் உட்காருவோம் என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன்.

பிரான்சில் திராட்சை விளையும் பர்கண்டியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை பூட்ஸ், பூட்ஸ் முழுக்கக் காய்ந்த சேறு. அறுவடை முடிந்து இலை மஞ்சளாகும் நேரம். ஒரு சின்னத் தார் ரோட்டின் நடுவில் எங்களை நிறுத்தினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஜாதித் திராட்சை, ஆனால் மேட்டுப் பக்கத்து ஒயினுக்கு மதிப்பு பல மடங்கு என்றார். மேட்டில் தண்ணீர் நிற்காது, வேர் கல்லைத் துளைத்து ஆழமாகப் போகும், அந்த அவஸ்தைதான் ருசியாகிறதாம். சொல்லிவிட்டு ஒரு கல்லை எடுத்துத் துடைத்து நாக்கால் நக்கினார். எங்களிடமும் நீட்டினார். நண்பர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஃபேமிலி விசா என்றால் மனுஷன் கல்லையும் நக்கத்தான் வேண்டும். சுண்ணாம்பு வாசனையும் உப்புமாக இருந்தது.

ஒயின் பீப்பாய்கள் இருந்த பாதாள அறையில் முதல் கிளாஸைக் கையில் கொடுத்ததும் பழக்க தோஷத்தில் அண்ணாந்து, உதட்டில் படாமல் வாயில் ஊற்றி, விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். அந்தம்மாள் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பொறுமையாக, மூக்கைக் கிளாஸுக்குள் விடச் சொன்னார். சாப்பிடுகிற பொருளை மோந்து பார்த்தால் எங்கள் வீட்டில் முதுகில் அடி விழும். அதைத்தான் இங்கே பாடமாகவே நடத்தினார்கள். துப்புவதற்கு வாளியும் வைத்திருந்தார்கள். ஊரில் சுவரெல்லாம் துப்பாதே என்று எழுதி வைப்பார்கள், இங்கே அழகாகத் துப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் சத்தியம் பிழைத்தது. துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தம்மாள் மேனேஜரிடம், எனக்கு நல்ல மூக்கு என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி நாள் மதியம் தோட்டத்துக்காரர் வீட்டில் சாப்பாடு. எழுபது தாண்டிய மனிதர். கவாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து விரலெல்லாம் வெடித்திருந்தது. காலையிலிருந்து எங்களோடு மேடெல்லாம் ஏறி இறங்கிக் களைத்துப்போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டில் பரிமாற வேண்டும், நான் பார்ப்பேன் என்றார் மேனேஜர். நண்பர் வெள்ளை ஒயினைக் கொண்டுவந்து கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் பாட்டிலைத் திருப்பி எடுத்தார். அடுத்து சிவப்பு, என் முறை.

துபாயில் கலர் தண்ணீரை வைத்து அத்தனை முறை பழகிய கைதான். ஆனால் அந்தப் பெரியவர் வேர்த்த முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்ததும், இடது கை தானாக வலது முழங்கையைத் தாங்கியது. களைத்து வந்து உட்கார்ந்த மனிதர் முன்னால் அரைகுறையாக ஊற்றி வைப்பதா? கை நிற்கவில்லை. நான் பார்க்கும்போது ஒயின் விளிம்பில் தளும்பிக்கொண்டு நின்றது. பெரியவர் கிளாஸைத் தூக்காமல் குனிந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். மேனேஜர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வேனுக்குப் போகும்போது அந்தம்மாள் என்னோடு நடந்தார். நிறைந்த கிளாஸைச் சுழற்ற முடியாது, சுழற்றாத ஒயினில் வாசனை எழும்பாது, யாரும் தாகத்துக்காக ஒயின் கேட்பதில்லை என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவர் சொன்னது சரி. தலையாட்டிவிட்டு வேனில் ஏறினேன்.

துபாய் திரும்பியதும் வேலை நண்பருக்கு என்று மேனேஜர் சொன்னார். கலாஸ், முடிந்தது. நண்பர் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். பின்னால் அவர் குடும்பம் வந்து இறங்கியபோது பெட்டி தூக்கினவன் நான்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் வீட்டு மீன் கறி ரூமுக்கு வரும். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது, யார் மேலும் வருத்தமில்லை.

ஆனால் வேலை எனக்கில்லை என்று தெரிந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. க்ரீக் ஓரம் நின்றுகொண்டு நடந்ததை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அரை டம்ளரா ஊத்துனா அந்தப் பெரியவரு என்ன நெனப்பாரு? சரியாத்தானே ஊத்தியிருக்கீங்க. அதுக்குப் போயா எங்கள வேணாம்னுட்டாங்க?"

பாப்பா எங்கே என்று மட்டும் கேட்டேன். பாப்பா தினமும் கேட்கிறாள், என்னால் சொல்ல முடியாது, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். மூச்சு விடும் சத்தம் கேட்டது. குரலை உற்சாகமாக வைத்துக்கொண்டு பேசினேன்.

"நீ இங்க வர வேணாம்டா தங்கம். அப்பாவே அங்க வர்றேன்."

அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "எத்தன நாளைக்குப்பா?" என்றாள்.

"நெறைய நாளைக்குடா."

"போன வாட்டியும் அப்டித்தான்ப்பா சொன்னே," என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.