சேவந்திக்கு ஒரு முன்முறி

கோட்டுகாலில் இருந்தவரை ஷியாமளாவுக்கு வெயில் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அந்த மணல் பூமியில் கம்பை ஒடித்துக் குத்தினாலும் பூக்கும். பனச்சமூட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த பொன்னப்பனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் வெயிலின் அருமை தெரிந்தது. வீட்டின் மூன்று பக்கமும் அடுத்தவர்களின் ரப்பர் மரங்கள். நான்காவது பக்கம் ரோடு, அதைத் தாண்டினால் மறுபடியும் ரப்பர். முற்றத்தில் எதை நட்டாலும் இலை விடும், பூ மட்டும் விடாது. வருடத்தில் ஒருமுறை, தைமாதத்தை ஒட்டி ரப்பர் இலை உதிரும்போது மட்டும் வெயில் விருந்துக்கு வந்ததுபோலக் கொஞ்சநாள் இருந்துவிட்டுப் போகும்.

வேறொருத்தி என்றால் நாலு குரோட்டன்ஸை வைத்து மனசைத் தேற்றியிருப்பாள். ஷியாமளாவுக்கோ ஏன், எதற்கு என்று குடையாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டுக் கடிகாரம் மெல்ல ஓடுவது ஏனென்று பார்க்க அதைக் கழற்றிப் போட்டவள் அவள். திரும்பப் பூட்டிய பிறகு அது ஊருக்கே முந்தி ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் நெய்யாற்றின்கரையில் சேலை எடுக்கப் போனாள். ஜன்னலே இல்லாத கடை. உள்ளே ஒரு மணிபிளான்ட் டியூப் லைட்டைப் பார்த்து வளைந்து ஏறி, பச்சைப்பசேலென்று நின்றது. கடைக்காரர் சேலை சேலையாக விரித்துப் போட, இவள் அண்ணாந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வாரமே முன்முறியில், ரோட்டைப் பார்த்த முன்பக்க அறையில், வேலை தொடங்கியது. கூரை வேலையில் மிஞ்சிய ஆஞ்சிலிப் பலகைகளை மூன்று தட்டாக அடித்தாள். இடித்த கடை ஒன்றிலிருந்து பழைய டியூப் லைட்டுகளை வாங்கி வந்தாள். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, வெளிச்சம் கீழே அடிக்க மேலே மூடியாக வைத்தாள். செடி வளர வளர விளக்கு உயர வேண்டுமே, அதற்குக் கணவன் கடையில் கழித்துப்போட்ட சைக்கிள் செயின். ஒரு கண்ணி தள்ளி மாட்டினால் விளக்கு ஒரு விரல் உயரும். இதைப் பார்த்தபோது மட்டும் பொன்னப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தட்டு நிறையத் தொட்டிகளில் சேவந்திக் கம்புகள். இரவும் பகலும் விளக்கு எரிந்தது. வெயில் காணாத பிள்ளைகள், வயிறாரத் தின்னட்டும் என்பது அவள் கணக்கு. செடிகள் கொழுத்து வளர்ந்தன. ஒரு மொட்டு இல்லை.

"எட்டி, சோமன் போன் பூத் வைக்க முறி கேக்கான்," என்றான் பொன்னப்பன். "ரோட்டு மேல உள்ள முறியாக்கும். எத்தன நாளைக்கு இதுக்கு லைட்டு காட்டிட்டு இருப்ப?"

"ரப்பர் இலை பொழியதுக்குள்ள பூக்கும்."

"பூக்கல்லன்னா?"

"முறிய நானே ஒழிச்சுத் தாறேன்."

வாய் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த மூன்று தட்டுதான்.

ஐப்பசியில் அடுத்த வீட்டுப் புஷ்பபாய் படியேறி வந்தாள். நல்ல மனுஷி, கோபத்தையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

"மக்கா, ஒனக்குச் செடி மேல பிரியம். எனக்கு டிவி மேல பிரியம். அந்தியானா படம் சுருங்கித் தபால்தலை கணக்கா ஆயிருது. கரண்டெல்லாம் ஒன் லைட்டு தின்னுதாக்கும்."

ஊரில் எல்லா வீட்டிலும் அந்தியில் வோல்டேஜ் விழும். ஆனால் யார் கேட்கிறார்கள்? பொன்னப்பன் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான், அந்தி முதல் விடியும்வரை விளக்கு எரியக்கூடாது.

ஷியாமளாவுக்கு அழுகையாக வந்தது. அதோடு கள்ளத்தனமும் வந்தது. இருப்பதில் தளதளவென்று நின்ற செடிகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். சுற்றிலும் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் விளக்கை எரியவிட்டாள். மேலே இருந்த சவலைகளை விதிப்படி விட்டுவிட்டாள்.

"இப்போ படம் கண்ணாடி கணக்கா தெரியுது மக்கா," என்றாள் புஷ்பபாய் மறுநாள். ஷியாமளா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

மார்கழியில் மேல்தட்டுச் சவலை ஒன்றின் நுனியில் பச்சையாக ஒரு உருண்டை தெரிந்தது. புழுக்கூடு என்று கிள்ளப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்துச் செடியிலும் உருண்டை. எல்லாம் மொட்டு. பாய்ந்து கம்பளியை விலக்கி, தரையில் குப்புறப் படுத்துக் கீழ்த்தட்டை நுனிநுனியாகத் தடவினாள். இலை, இலை, இலை மட்டும்தான்.

ஒரே மண், ஒரே சாணி, ஒரே தண்ணீர். மேலே உள்ளவற்றுக்குக் கிடைத்துக் கீழே உள்ளவற்றுக்குக் கிடைக்காதது என்ன? அப்படியே படுத்து யோசித்தாள். பிறகு மெல்லக் கை நீட்டிக் கீழ்விளக்கை அணைத்தாள். பிரியம் என்று நினைத்து, இத்தனை மாதமாக ஒரு கண் உறங்கவிடவில்லையே என்று அவற்றின் இலைகளைத் தடவிக்கொடுத்தாள்.

மொட்டு விரியவில்லை. ரப்பர் இலை முந்திக்கொண்டது. ஒரு காலையில் முற்றமெல்லாம் சருகு, முறிக்குள் நிஜ வெயில். ஷியாமளா முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டிகளை இறக்கத் தொடங்கினாள். கடைக்குக் கிளம்பிய பொன்னப்பன் வாசலில் நின்றுவிட்டான்.

"இது மொட்டுல்லா?"

"மொட்டு பூவாகாது. சொன்னா சொன்னதாக்கும்."

"கீழ உள்ளது ஏன் மொட்டையா நிக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்களுக்குத் தெரியாம, கம்பளிக்குள்ள வச்சு விடிய விடிய லைட்டு காட்டினேன். இருட்டு கிட்டினதுதான் மொட்டு விட்டிருக்கு."

அவன் ஒரு மொட்டைத் தொடப் போனான். விரலில் கிரீஸைப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான். பிறகு கடைக்குப் போய்விட்டான்.

அந்தியில் சீக்கிரமே திரும்பினான். இறக்கிய தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் ஏற்றினான். அந்தக் கம்பளியை எடுத்து ரோட்டைப் பார்த்த ஜன்னலில் ஆணியடித்து மாட்டினான். "பஸ்ஸு வெளிச்சம் அடிக்கும்," என்றான், யாருக்கோ சொல்வதுபோல.

அப்போது முறியின் சாவி கேட்டுச் சோமன் வந்து வாசலில் சத்தமாகக் கூப்பிட்டான். பொன்னப்பன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"எலே, மெதுவா பேசு. முறியில ஆளுண்டு."

"ஆரு?"

"கீழ்த்தட்டுல உள்ளவங்க. இப்பத்தான் உறங்கத் தொடங்கியிருக்காங்க. நீ வேற முறி பாரு."

உள்ளே இருட்டில் நின்ற ஷியாமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.